1 ஏக்கர் 20 சென்ட்டில் 16 தனிவீட்டு மனைகள்: டி.டி.சி.பி. அனுமதிக்கான முழுமையான வழிகாட்டி

ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பத்துப் பதினைந்து மனைகளாகப் பிரித்து, வாங்குபவர் தன் விருப்பப்படி வீடு கட்டிக்கொள்ள விடுவது தமிழ்நாட்டின் எல்லா ஊர் ஓரங்களிலும் நடக்கிறது. நிலத்துக்காரரே செய்கிறார், அண்ணன் தம்பிகள் சேர்ந்து செய்கிறார்கள், ஒன்றாக வேலை பார்க்கும் நான்கைந்து பேர் பணம் போட்டுச் செய்கிறார்கள். பெரும்பாலோர் முதலில் வரைபடம் போட ஆள் தேடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கோப்பு நின்றுபோவதற்கு வரைபடம் காரணமாக இருப்பது குறைவு. நிலத்தின் பரப்பு, நிலத்துக்கு வரும் சாலை, மழைத்தண்ணீர் போகும் வழி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று காகிதத்தில் ஒருவிதமாகவும் தரையில் வேறுவிதமாகவும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையை அதிகாரிக்கு விட்டுவைக்காமல் நீங்களே முதலில் செய்துவிட்டால் மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில், எது லேஅவுட், எது உட்பிரிவு

இப்போது நடைமுறையில் உள்ளது 2019 பிப்ரவரி 4 அன்று வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதன்படி எட்டு மனை வரை பிரித்தால் அது உட்பிரிவு. எட்டைத் தாண்டினால் மனைப்பிரிவு, அதாவது லேஅவுட். இரண்டுக்கும் திட்ட அனுமதி வேண்டும். ‘எட்டு மனைதானே, அனுமதி எதற்கு’ என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். இந்த ஆண்டு எட்டு, அடுத்த ஆண்டு எட்டு என்று துண்டு போட்டு விதியைத் தாண்டலாம் என்ற யோசனையும் பலிக்காது. கோப்பைப் பார்ப்பவர் மூலப்பத்திரத்தைத் திறந்தால் இரண்டு துண்டுகளும் ஒரே நிலத்திலிருந்து வந்தவை என்பது தெரிந்துவிடும்.

சென்னைப் பெருநகரப் பகுதியில் அனுமதி வழங்குவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி.; அதற்கு மாவட்ட அலுவலகங்கள் உண்டு. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரிவாக்கப்பட்டிருப்பதால், திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மனைப்பிரிவைத் தன் விருப்பில் அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதையடுத்து பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பு உருவான மனைகளுக்கு மட்டும் 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. இப்போது புதிதாகப் பிரிப்பவருக்கு அந்த வழி இல்லை.

காகிதங்களைக் கூட்டிப் பார்ப்பது

சேர்க்க வேண்டியவை இவை: பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், அடங்கல், புலப்படம் எனப்படும் எஃப்.எம்.பி., கிராம வரைபடம், மூலப்பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வழக்கறிஞர் கருத்துரை.

சேர்ப்பது எளிது, ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் வேலை. பத்திரம் ஏக்கர்–சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர்–ஏரில் பேசும். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். 1 ஏர் 100 சதுர மீட்டர். ஆக 1 ஏக்கர் 20 சென்ட் என்று பத்திரம் சொன்னால் பட்டாவில் 0–48.56, அதாவது 0 ஹெக்டேர் 48.56 ஏர், என்ற அளவில் இருக்க வேண்டும். 47.50 என்றிருந்தால் இரண்டரை சென்ட் எங்கே போனது என்பதற்கு விடை வேண்டும். 1980களில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். பணியின்போது நுழைந்த பிழையாக இருக்கலாம். பக்கத்துப் புல எண்ணோடு சேர்ந்திருக்கலாம். சாலைக்கோ வாய்க்காலுக்கோ எடுத்திருக்கலாம். பத்திரம், பட்டா, தரை ஆகிய மூன்றில் எது குறைவோ அதையே அலுவலகம் கணக்கில் எடுக்கும். கூடுதலாக இருப்பதை நம்பி மனை போடாதீர்கள்.

புலப்படத்தைப் படிக்கும்போது அளவு எந்த அலகில் என்று பாருங்கள். பழைய படங்களில் நீளம் லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு லிங்க் ஏறத்தாழ 20.1 சென்டிமீட்டர். மறு அளவை நடந்த கிராமங்களில் மீட்டரில் இருக்கும். லிங்க்ஸை அடி என்று எடுத்துக்கொண்டு போட்ட வரைபடங்கள் கோப்போடு திரும்பி வந்திருக்கின்றன.

வில்லங்கச் சான்றை இப்போதைய புல எண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதாது. 45/2B என்ற உட்பிரிவு முன்பு வெறும் 45 ஆக இருந்திருக்கும். பழைய எண்ணுக்கும் போட வேண்டும்.

அ-பதிவேட்டோடு நிற்காமல், யு.டி.ஆருக்கு முந்தைய பழைய பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். இன்று பட்டா நிலமாகத் தெரிவது அன்று ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் புறம்போக்கு, உரிமை கோர ஆளில்லாத அனாதீனம் என்று இருந்திருந்தால் தலைவலி காத்திருக்கிறது. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட பஞ்சமி நிலமா என்பதைக் கட்டாயம் சரிபாருங்கள். அந்த நிலத்தை வேறு சமூகத்தார் வாங்கியது செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் நிலைமை மாறாது. அது அம்மக்களுக்குச் சேர வேண்டிய நிலம் என்பதால், சட்டத்துக்கு அப்பாலும் அதில் மனை போடக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கோயில் நிலமா, வக்ஃபு நிலமா என்பதையும் இதே கட்டத்தில் பார்த்துவிட வேண்டும்.

தரையில் அளப்பது

தாலுகா அலுவலகத்தில் அத்துக்காட்ட, அதாவது எல்லையை அளந்து காட்ட, சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். எஃப்-லைன் மனு என்றும் சொல்வார்கள். அரசு நில அளவர் வரும் நாளில் நாலாபுறமும் உள்ள பக்கத்து நிலக்காரர்கள் நிற்கட்டும். கல் நட்ட பிறகு வரும் தகராறைவிட நடும்போது வரும் தகராறு நூறு மடங்கு நல்லது.

அதன் பிறகு உங்கள் செலவில் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியை வைத்து அளந்து, மட்டத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். எல்லை மட்டும் போதாது. 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் தரைமட்டம், கிணறு, ஆழ்துளைக் கிணறு, மரங்கள், மின்கம்பங்கள், மேலே போகும் கம்பி, பக்கத்துச் சாலையின் நடுமட்டம், வாய்க்காலின் அடிமட்டம் எல்லாம் படத்தில் ஏற வேண்டும். பிறகு சொல்லப்போகும் வடிகால் கணக்கு முழுவதும் இந்த மட்டங்களை நம்பித்தான் இருக்கிறது.

மேலே உயர் அழுத்த மின்கம்பி போனால் அது எத்தனை கிலோவோல்ட் என்று மின்வாரியத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கட்டடத்திலிருந்து கிடைமட்டமாக 11 கே.வி. வரை 1.2 மீட்டர், 33 கே.வி. வரை 2 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 33 கே.வி.க்கும் 0.3 மீட்டர் கூடுதல் என்பது மின் பாதுகாப்பு விதி. 110 கே.வி. என்றால் 2.9 மீட்டர் வரும். காற்றில் கம்பி ஆடும் வீச்சுக்கும் இடம் வேண்டும் என்பதால், கம்பிக்குக் கீழே மனை போடாமல் சாலையை அந்தக் கோட்டில் கொண்டுபோவதே நல்லது.

அணுகு சாலை

சிறு மனைப்பிரிவுகளில் அதிகம் சிக்கும் இடம் இது. தார் எவ்வளவு அகலம் என்பதை அளந்து பயனில்லை. வருவாய்ப் பதிவேட்டின்படி இரண்டு பக்க எல்லைக் கல்லுக்கு நடுவே எவ்வளவு என்பதுதான் அகலம். புலப்படத்தில் 6 மீட்டர் என்றிருந்து, தரையில் வேலி நகர்ந்து 4 மீட்டராகியிருந்தால் ஆக்கிரமிப்பு எடுக்கப்படும்வரை கோப்பு நிற்கும்.

அந்தச் சாலை யாருடையது என்பது அடுத்த கேள்வி. ஊராட்சியின் சாலைப் பட்டியலில் உள்ளதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, அல்லது முப்பது ஆண்டாக எல்லோரும் நடக்கிறார்கள் என்பதால் சாலை போலத் தெரியும் தனியார் நிலமா? கடைசி வகை என்றால் அந்த நிலக்காரர் சாலைப் பகுதியை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். ‘நடைபாதை உரிமை உண்டு’ என்ற பத்திர வாசகம் மனைப்பிரிவுக்குப் போதாது.

சாலைக்கும் உங்கள் நிலத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் வாய்க்கால் புறம்போக்கு கிடக்கும் நிலங்கள் ஏராளம். விலை குறைவாகக் கிடைப்பதற்கே அது காரணமாக இருக்கும். அதன் மேல் சிறுபாலம் கட்ட நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். இது கிடைக்கும் என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர், ரயில், கல்குவாரி, மலை

நீர்நிலையோ ஓடையோ 15 மீட்டருக்குள் இருந்தால் திட்ட அனுமதியில் நிபந்தனைகள் வரும். ஏரியின் பாசனப் பரப்பான ஆயக்கட்டிலோ தாழ்வான பகுதியிலோ நிலம் இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை வைத்து நிலத்தை எத்தனை உயர்த்த வேண்டும் என்று அவர்கள் எழுதுவார்கள். அந்த அளவு ஒரு மீட்டர் என்றால் 4,856 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4,850 கன மீட்டர் மண். பத்துக் கன மீட்டர் பிடிக்கும் டிப்பரில் 485 நடை; அழுந்துவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நிலத்தின் விலை மலிவா என்று யோசியுங்கள். உங்கள் நிலத்தை உயர்த்தினால் பக்கத்து வயலின் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் இசைவு. பக்கத்தில் கல்குவாரி இருந்தால் கனிமவளத் துறை. கோவை, நீலகிரி, தேனி போன்ற மாவட்டங்களின் மலையடிவாரக் கிராமங்கள் சில ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. கிராமத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

நிலப்பயன்பாடு

முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், உள்ள பகுதியானால் உங்கள் புல எண் குடியிருப்பாக இருக்கிறதா, விவசாயமா, தொழிலா என்பதை எழுத்து மூலம் வாங்குங்கள். விவசாயம் என்றிருந்தால் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி நிலப்பயன்பாட்டு மாற்றம் தனிக் கோப்பு. ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வெளியிட வேண்டும், அதற்குப் பல மாதம் பிடிக்கும். திட்டம் இல்லாத பகுதியில் விவசாய நிலம் என்றால் 47-அ பிரிவு. மாவட்ட ஆட்சியரின் இசைவு இல்லாமல் நகராது. வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படும். நஞ்சை, அதுவும் பாசனம் நடக்கும் நஞ்சை என்றால் மறுக்கப்படும் வாய்ப்பே அதிகம். அடங்கலில் போன ஆண்டுவரை நெல் என்று எழுதியிருக்க, ‘தரிசு’ என்று விண்ணப்பத்தில் எழுதுபவர்கள் உண்டு. பொய்யும் வேண்டாம், அந்த நிலமும் வேண்டாம்.

மனை போடுவது

இனித்தான் வரைபடம். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். நிலம் 1 ஏக்கர் 20 சென்ட். சாலைப் பக்க அகலம் 56 மீட்டர், ஆழம் 86.7 மீட்டர், பரப்பு 4,855 சதுர மீட்டர்.

3,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 74 சென்ட் வரை, திறந்தவெளி ஒதுக்கீடு கிடையாது. அதைத் தாண்டினால் சாலைப் பரப்பு போக மீதியில் 10 சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். என்று ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்க வேண்டும். குறைந்தது 100 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, இடம் விட உண்மையிலேயே வழியில்லாதபோது மட்டும் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்ட இடமுண்டு. 10,000-ஐத் தாண்டினால் இடமாகத்தான் தர வேண்டும். நலிந்த பிரிவினருக்கான மனை ஒதுக்கீடும் சேரும். நம் நிலம் நடுவில் இருக்கிறது.

உள்சாலைக்கு 7.2 மீட்டர், அதாவது 23 அடி சொச்சம், விட்டால் இந்த அளவுக்குப் போதும். ஆனாலும் 9 மீட்டர் விடுங்கள் என்றே சொல்வோம். 7.2 மீட்டரில் வடிகால், மின்கம்பம், நிறுத்தி வைத்த கார் போக இரண்டு வண்டி எதிரெதிரே போக முடியாது. தண்ணீர் லாரி வந்தால் தெரு அடைபடும். நீங்கள் இழப்பது 156 சதுர மீட்டர். அங்கே குடியிருப்பவர்கள் அதன் பலனைத் தலைமுறைக்கும் பெறுவார்கள்.

நடுவில் 9 மீட்டர் சாலை முன்னிருந்து பின்வரை போகட்டும்: 780.3 சதுர மீட்டர். மீதி 4,074.9. அதில் பத்தில் ஒன்று 407.5 ஓ.எஸ்.ஆர். சாலைக்கு இருபுறமும் மனையின் ஆழம் 23.5 மீட்டர். ஓ.எஸ்.ஆரை ஒரு பக்கத்தில் 17.34 மீட்டர் அகலத்துக்கு வைத்தால் கணக்கு சரியாக வருகிறது. எதிர்ப்பக்கம் 86.7 மீட்டரில் ஒன்பது மனை, ஒவ்வொன்றும் 9.63 மீட்டர் அகலம், 226.4 சதுர மீட்டர், 2,437 சதுர அடி. ஓ.எஸ்.ஆர். பக்கத்தில் மிஞ்சும் 69.36 மீட்டரில் ஏழு மனை, ஒவ்வொன்றும் 232.9 சதுர மீட்டர், 2,506 சதுர அடி.

இங்கே நின்று கவனியுங்கள். 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுபவருக்கு இணையத்தில் உடனடியாகக் கட்டட அனுமதி கிடைக்கிறது. உங்கள் ஏழு மனைகள் ஆறு சதுர அடியில் அந்த வாய்ப்பை இழக்கின்றன. ஓ.எஸ்.ஆரின் அகலத்தை 17.34-லிருந்து 17.6 ஆக்குங்கள். வெறும் 26 சென்டிமீட்டர். பூங்கா 413.6 சதுர மீட்டர் ஆகிறது, தேவைக்குச் சற்று அதிகம்; ஏழு மனைகளும் 2,497 சதுர அடிக்கு இறங்குகின்றன. பதினாறு வீட்டுக்காரர்களும் சுயசான்றில் போகலாம். விற்கும் பரப்பு 3,661 சதுர மீட்டர், மொத்தத்தில் 75 சதவீதம். முனை மனைகளில் ஸ்ப்ளே எனப்படும் முனை வெட்டு போனால் இன்னும் கொஞ்சம் குறையும். நிலத்தின் விலையை 120 சென்ட்டால் வகுத்து இலாபம் போட்டவர்கள் இங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். விற்கக் கிடைப்பது 90 சென்ட் சொச்சம்.

ஓ.எஸ்.ஆர். எங்கே இருக்க வேண்டும் என்பதில் பெரும்பாலோர் ஒரே தவறைச் செய்கிறார்கள். பள்ளமான மூலை, கம்பி போகும் ஓரம், கோணல் துண்டு என விற்காத இடத்தையெல்லாம் பூங்கா என்று எழுதிவிடுவார்கள். சாலையைத் தொட்டபடி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், செவ்வகமாக வையுங்கள். ஏற்கெனவே நல்ல வேம்போ புளியோ நிற்கிறதென்றால் அதைச் சுற்றிப் பூங்கா அமையட்டும். மூலையில் ஒதுங்கிய பூங்கா பத்தாண்டில் குப்பைமேடாகும், இருபதாண்டில் ஆக்கிரமிக்கப்படும்.

சாலையின் பின்முனையைப் பக்கத்து நிலத்தின் எல்லைவரை திறந்து விடுங்கள். நாளை அவர் மனை போடும்போது தெரு இணைய வேண்டும். முனையில் ஓர் அடித் துண்டைத் தன் பெயரில் நிறுத்திக்கொண்டு பிறகு பேரம் பேசலாம் என்று நினைப்பவர்கள் உண்டு; கோப்பைப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தந்திரம் பழக்கம். சாலை அங்கேயே முடிகிறதென்றால் வண்டி திரும்ப இடம் விட வேண்டும், அதற்கு ஒரு மனையின் ஒரு பகுதி போகும்.

கழிவுநீர்க் குழாய் இல்லாத ஊரில் இன்னொன்றையும் வரைபடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் 2470. மனை ஆழம் 23.5 மீட்டர் என்பதால் எல்லா மனைக்கும் டேங்க் முன்னால், ஆழ்துளைக் கிணறு பின்னால் என்று ஒரே ஒழுங்கு வைத்தால் 18 மீட்டர் கிடைக்கும். அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் ஒருவர் கிணற்றுக்கு 3 மீட்டரில் அடுத்தவர் உறிஞ்சு குழி வந்து நிற்கும். வாஸ்து பார்த்து மாற்றச் சொல்வார்கள். விற்பனை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதிவிடுங்கள்.

மின்மாற்றிக்கும் இடம் ஒதுக்குங்கள். பதினாறு வீடு, வீட்டுக்கு 5 கிலோவாட் என்றால் 80 கிலோவாட்; 100 கே.வி.ஏ. மின்மாற்றி வரும். கடைசியில் யோசித்தால் யாரோ ஒருவர் வாசலில்தான் அது நிற்கும், ஓ.எஸ்.ஆருக்குள் வைக்கக் கூடாது.

விண்ணப்பமும் தளப் பார்வையும்

விண்ணப்பம் ஒற்றைச் சாளர இணையதளத்தில். பதிவு பெற்ற கட்டட வரைஞரோ பொறியாளரோ கையெழுத்திட்டு ஏற்ற வேண்டும். அவருடைய பதிவு நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். உரிமையாளர்கள் பலர் என்றால் எல்லோர் கையெழுத்தும், அல்லது பதிவு செய்த பொது அதிகார ஆவணமும் வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரம் பெரும்பாலும் அதோடு முடிந்தது. வாரிசுச் சான்று எடுத்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

அதிகாரி தளத்துக்கு வரும் நாளில் நான்கு மூலைக் கற்களும் தெரிய வேண்டும். புதர் மண்டிய நிலத்தைக் காட்டினால் இன்னொரு நாள் வருவார். சாலையின் மையக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டு வையுங்கள். தளத்தில் ஏற்கெனவே ஒரு கட்டடம், பாதி போட்ட சாலை, நட்ட மனைக்கற்கள் ஏதாவது இருந்தால் அனுமதிக்கு முன்பே வேலை தொடங்கியதாக எழுதப்படும்.

திருத்தக் கடிதம் வந்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியே, ஆவணத்தின் பக்க எண் சொல்லிப் பதில் கொடுங்கள். பாதிக்குப் பதில் சொன்னால் அடுத்த கடிதம் வரும். மறுப்பு ஆணை வந்தால் சட்டத்தின் 79-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. ஆணையில் சொன்ன காரணத்தைச் சரிசெய்ய முடியுமானால் திருத்திப் புதிதாக விண்ணப்பிப்பது பல நேரம் விரைவு.

தானப்பத்திரம், கட்டணம், இறுதி அனுமதி

உத்தேச வரைபடம் ஏற்கப்பட்டதும் வளர்ச்சிக் கட்டணமும் மற்றக் கட்டணங்களும் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். சாலைகளையும் ஓ.எஸ்.ஆரையும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப்பத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும். அளவுகளை வரைபடத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுங்கள். 780.3 என்பதை 708.3 என்று எழுதிப் பதிந்துவிட்டால் பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிட்டு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். நிலத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தால் தானம் கொடுக்கும் பகுதியையாவது அடமானத்திலிருந்து முதலில் விடுவியுங்கள்.

டி.டி.சி.பி.யின் தொழில்நுட்ப ஒப்புதல் வந்த பிறகும், உள்ளாட்சி இறுதி ஆணை கொடுத்தால்தான் வேலை முடியும். ஒப்புதல் எண்ணை மட்டும் காட்டி மனை விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர் இரண்டு எண்ணையும் கேட்க வேண்டும்.

சாலையும் வடிகாலும்

சாலை, வடிகால், தெருவிளக்குக்கான மதிப்பீட்டை உள்ளாட்சியின் பொறியாளர் சொல்வார். வடிகாலைக் கண்ணளவில் போடாதீர்கள். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை, பத்தில் ஆறு பங்கு ஓடுகிறது என்று வைத்தால் இந்த 4,855 சதுர மீட்டரிலிருந்து நொடிக்கு 40 லிட்டர் வரும். ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் உள்ள கான்கிரீட் வடிகால் 300-க்கு 1 சரிவில் நொடிக்கு 70 லிட்டருக்கு மேல் கடத்தும். போதுமானது. ஆனால் 86.7 மீட்டருக்கு அந்தச் சரிவு 29 சென்டிமீட்டர் இறக்கம். வடிகாலின் ஆழத்தையும் சேர்த்தால் வெளியேறும் இடம் தலைப்பகுதித் தரையைவிட 60 சென்டிமீட்டர் தாழ இருக்க வேண்டும். பொதுச்சாலையின் வடிகால் அவ்வளவு தாழ்வாக இல்லையென்றால் தண்ணீர் திரும்பி உள்ளேதான் வரும். முதலில் எடுத்த மட்டங்கள் உதவுவது இங்கேதான்.

தார் போடுவதற்கு முன்பே குடிநீர்க் குழாய் பதியுங்கள். இரண்டு மனைக்கு ஒன்று வீதம் சாலைக்குக் குறுக்கே 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்களை வெறுமனே புதைத்து, இருமுனையையும் மூடி, கல்லில் அடையாளம் வையுங்கள். நாளைக்கு இணைப்புக்காக யாரும் சாலையை வெட்ட மாட்டார்கள். 9 மீட்டரில் தார் 5.5 மீட்டர் போதும். இறுகிய தரைக்கு மேல் 150 மில்லிமீட்டர் சல்லி அடிப்படுகை, அதன்மேல் 150 மில்லிமீட்டர் ஈரக்கலவை மெக்கடம், பிறகு தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு 7 சென்டிமீட்டர் இறக்கம். கரிசல் மண் என்றால் மேல் அரை மீட்டரை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பாமல் சாலை போட வேண்டாம். முதல் கோடையிலேயே நீளவாக்கில் வெடிக்கும்.

ரெரா பதிவு, விற்பனை, வீடு

நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டி, மனையும் எட்டைத் தாண்டியிருப்பதால் 2016-ஆம் ஆண்டு ரெரா எனப்படும் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு எண் வருவதற்கு முன் விளம்பரம் கூடாது, முன்பதிவு கூடாது. வாட்ஸப்பில் படம் அனுப்புவதும் விளம்பரம்தான். மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது.

விற்பதற்கு முன்பே பதினாறு மனைக்கும் மொத்தமாக உட்பிரிவு அளக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் பதினாறு குடும்பங்களும் தனித்தனியே நில அளவரைத் தேடி அலைவார்கள். ஒருவர் கல் 20 சென்டிமீட்டர் நகர்ந்தால் அது அடுத்தடுத்த மனைக்கெல்லாம் தள்ளிக்கொண்டே போகும். சாலைக்கும் பூங்காவுக்கும் பட்டாவில் உள்ளாட்சியின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தானப்பத்திரம் பதிந்திருந்தும் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்து, அவருடைய வாரிசுகள் பூங்காவை விற்க வரும் வழக்குகள் இப்படித்தான் முளைக்கின்றன.

ஒவ்வொருவருக்கும் விற்பனைப் பத்திரத்தோடு, ஒப்புதல் முத்திரையுள்ள வரைபட நகல், இறுதி ஆணை, தானப்பத்திர நகல், ரெரா சான்று, குறுக்குக் குழாய்களும் வடிகால் மட்டமும் குறித்த படம் ஆகியவற்றை ஒரு கோப்பாகக் கொடுங்கள். வீட்டின் வரைபடம் போடும் பொறியாளர் முதலில் கேட்பது அதைத்தான்: 9 மீட்டர் சாலைக்கு முன்புறம் 1.5 மீட்டர் விட வேண்டும், தளப்பரப்புக் குறியீடு 2.0 (எல்லாத் தளங்களும் சேர்ந்து மனைப்பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை), மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம், வீட்டின் தரைமட்டம் சாலையின் நடுமட்டத்திலிருந்து 60 சென்டிமீட்டராவது உயர வேண்டும். கடைசி அளவை மட்டும் எந்த விதியும் கேட்காவிட்டாலும் விடாதீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடும் வழக்கம் ஊர்களில் இன்னும் போகவில்லை.